எடை சொன்ன குரல்

காலை ஒன்பது பத்து. ஏலக்காய்க் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது மதினியின் இரண்டு காதிலும் இருந்த பஞ்சு. மற்ற பெண்களோடு மேசையில் உட்கார்ந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துக்கொண்டிருந்தார். தராசில் மூட்டை ஏறியது. ஸ்பீக்கரில் என் அண்ணன் சொன்னான்: "இருபத்து மூணு கிலோ நானூறு."

அண்ணன் இறந்து நாலு மாதம். கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் எடை புரோகிராமை எழுதியவன் அவன்தான். மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர்கள் திரையில் தெரியும் எண்ணை நம்புவதில்லை. எடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் தன் குரலிலேயே எண்களைப் பதிந்து வைத்திருந்தான்.

"நாள் பூரா அவரு பேசிக்கிட்டே இருக்காரு தம்பி. அத நிறுத்துங்க, இல்லாட்டி நான் வேலைக்குப் போறத நிறுத்திக்கிறேன்" என்று மதினி முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். அவருக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

முதலாளிக்கு மனசில்லை. "செத்தும் எனக்குச் சோலி பாக்குறான். அவனப் போயி நிறுத்தணுங்கிறியே மாப்ளே" என்றார். பிறகு, "சரி, வெரசா முடி. மெட்டுலருந்து காய் ஏத்திக்கிட்டு ஜீப்பு வந்துரும்."

புரோகிராம் தொடங்கும்போது ஓர் அமைப்புக் கோப்பைப் படிக்கும். எந்தத் தராசு, எந்தப் பிரிண்டர், எடையை எது சொல்வது என்று அதில் இருக்கும். குறித்த பகுதிகளை மட்டும் எடுத்து இணைத்துக்கொள்ளும். குரல் என்றிருந்த இடத்தில் மௌனம் என்று மாற்றினேன். அதுவும் சோதனைக்காக அவன் எழுதி வைத்த பகுதிதான். புரோகிராமை மூடித் திறந்தேன்.

"பதினெட்டு கிலோ இருநூறு."

"ஒங்க அண்ணே அடங்க மாட்டாரு போல" என்றாள் மேசையில் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். மதினி நிமிரவில்லை.

தேடியபோது இன்னொரு கோப்பு புரோகிராமுக்குள்ளேயே பொதிந்திருந்தது. வெளியே இருப்பதை முதலில் படித்து, உள்ளே இருப்பதைப் பிறகு படித்தது. கடைசியாகப் படித்ததுதான் செல்லும். கடையில் யார் எதைக் கலைத்தாலும் எடை சொல்வது நிற்கக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறான். தொடக்கக் கட்டளையில் அந்த வரிசையைத் திருப்பிவிட்டேன்.

ஜீப்பில் வந்த பெரியவரின் மூட்டை தராசில் ஏறியது. சத்தமில்லை. அவர் மூட்டை மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னப்பா, எடை சொல்லக் காணோம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். மதினி எழுந்து வந்து தராசின் எண்ணைப் பார்த்தார்.

"முப்பத்தோரு கிலோ அறுநூறு."

அன்று கடை சாத்தும்வரை எடையை மதினிதான் சொன்னார்.