ஐந்தாவது ரசீது

ஹாஜா பாய் போய்விட்டார். இன்று காலை நாகூரில்... மாரடைப்பு. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டோம்.

போன வெள்ளிக்கிழமைதான் ஆபீஸில் என்னோடு வழக்கம்போலச் சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போனார். நல்ல மனுஷன், ஆனால் விடாக்கண்டன்.

தெரியாதவர்களுக்காக: தஞ்சாவூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கால் சென்டர். அதில் பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து சீட்.

'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் சொல்லுமே... அந்தப் பதிவுகள் எங்கே போகின்றன என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர் போன் செய்கிற வரைக்கும்.

குறுவை நாற்று காய்கிறது, மோட்டார் எரிந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தவர், நடுவில் உடைந்து அழுதுவிட்டார். பெற்ற மகன் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லையாம். பாய்தான் லைனில்.

மறுநாள் அவரே திரும்பக் கூப்பிட்டார். "தம்பி, நேத்து கோவத்துல வீட்டுக் கதையெல்லாம் பேசிட்டேன். அத அழிச்சிடுங்க தம்பி. யாரும் கேக்க வேணாம்."

பாய் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் ரெக்கார்டிங் பெட்டியை வாடகைக்கு விட்டவர்கள் கையை விரித்தார்கள். "எல்லாத்தையும் அழிக்கலாம் சார். ஒண்ண மட்டும் அழிக்க முடியாது. வேற சாஃப்ட்வேர்ல தொறக்கவும் முடியாது."

அடுத்த மாதம் புது ஆட்களுக்கு டிரெயினிங். கோபக்கார கஸ்டமரை எப்படிச் சமாளிப்பது என்று காட்ட அதே அழைப்பைப் போட்டார்கள். அந்த அழுகை வந்த இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

பாய் எழுந்து வெளியே போய்விட்டார். டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "அவரு பேச்சு அவரோடது குமாரு. நம்ம பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. எடுத்து விடணும்ல?"

அப்படித்தான் இணையத்தில் ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. கம்பெனிகளின் போன் பதிவுகளுக்கு எல்லாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொது ஃபார்மட், யாருக்கும் சொந்தமில்லாத விதிமுறை. பல நாட்டு இன்ஜினியர்கள் மெயிலில் அடித்துக்கொண்டே எழுதுகிற சமாச்சாரம்.

பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேசியவர் வேண்டாம் என்றால், அந்த ஒரு பதிவு மட்டும் எல்லா இடத்திலும் அழிய வேண்டும். நகல் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் 'அழித்துவிட்டேன், என்னிடம் வேறு நகல் இல்லை' என்று ரசீது அனுப்ப வேண்டும்.

நடக்காது என்றார்கள். இரண்டு வருஷம் விடவில்லை மனுஷன். சரி, செய்து காட்டு என்று இறங்கி வந்தார்கள்.

சோதனைக்கு ஒரு சாம்பிள் போன் கால் வேண்டும். பாய் திருக்காட்டுப்பள்ளிக்காரராகப் பேசினார், நான் கம்பெனிக்காரன். நாற்பத்தோரு விநாடி. அந்தக் குரலை அப்படியே கொண்டுவந்தார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஐந்து நாட்டில் ஐந்து ஆபீஸ், ஆளுக்கொரு நகல். போன மாதம் பாய் தன் கையால் 'அழி' என்று கட்டளை கொடுத்தார். ரசீதுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தாவது எங்கள் ஆபீஸ் ரசீது, அனுப்பியது நான், என் பெயரில்.

"அஞ்சும் வந்துடுச்சு குமாரு!" ஆபீஸுக்கே சமோசா வாங்கிக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ரசீது பொய்.

அவர் நடிப்பைக் கேட்டுச் சிரிக்கலாமே என்று முன்னாடியே என் போனில் ஒரு நகல் போட்டு வைத்திருந்தேன். சமோசா தின்னும்போது அது என் பாக்கெட்டில்தான் இருந்தது.

இன்று அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மகள் ஆயிஷா வாசலுக்கு வந்தாள்.

"அங்கிள், வாப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பினதில்ல. கல்யாண வீடியோவுலகூட கேமராவப் பாத்தா ஒதுங்கிப் போயிடுவாங்க. உம்மா ஒரே ஒரு தடவ அவங்க குரலக் கேக்கணுங்கறாங்க. உங்க ஆபீஸ்ல எல்லாம் ரெக்கார்ட் ஆவுமாமே?"

"பாக்கறேம்மா" என்றேன்.

அந்தப் பழைய பெட்டியை ஒப்பந்தம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பாய் லைனில் உட்காரவில்லை; அவர் குரல் அதற்குள்தான் கிடக்கிறது, அந்த விவசாயியின் அழுகையும். எங்கே, யாரிடம்... தெரியாது. வெளியில் இருப்பது என் போனில் இருக்கிற இந்த நாற்பத்தோரு விநாடிதான்.

கொடுத்தால் அவர் இரண்டு வருஷப் பாடு பொய்யாகிறது. கொடுக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நாகூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டேன். "அத அழிச்சிடுங்க தம்பி. யாரும் கேக்க வேணாம்." பாய் குரலில்.

அப்புறம், கட் ஆவதற்கு முன்னால், நடிப்பை விட்டுவிட்டு ஒரு சிரிப்பு. "போதுமா குமாரு?"

குழுவில் இருப்பவர்கள் கவனத்துக்கு: சோதனை தோற்றுவிட்டது. தோற்கடித்தது நான்.

ஆயிஷா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அங்கிள் இன்னும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

போதலை பாய்... போயிட்டு வாங்க.