மேர் என்னும் தந்திச் சொல்

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில், மிளகும் கிராம்பும் ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்குத் தந்தி மேசை கிடைத்தது. அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். தட்டச்சு, சுருக்கெழுத்து, மோர்ஸ் மூன்றிலும் தேறிவிட்டு வந்தவள் என்பதை, கிராணிகள் என்று அங்கே சொல்லும் குமாஸ்தாக்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். அதனால் ஒரே சொல் ஒரு முழு வாக்கியத்துக்கு நிற்கும்படி கம்பெனிகள் தனிப் பட்டியல் வைத்திருந்தன. எங்கள் பட்டியலில் 'மேர்' என்றால் 'சரக்கு தரமில்லை, ஏற்காதே'. அந்த வாக்கியத்துக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் பெரிய கிராணி. ஆங்கிலத்தில் அது பெண் குதிரை. நான் சேர்ந்த வாரமே அது எனக்குப் பட்டப்பெயர் ஆயிற்று. வந்த தந்தியை நான் உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். அந்தச் சொல் வரும்போதெல்லாம் ஒருவர் கனைப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மதியம், அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அலமாரியில் தூசி படிந்து கிடந்த அகராதிகளை இறக்கிப் பார்த்தேன். எம், ஏ, ஆர், இ. இத்தாலியனில் கடல், லத்தீனிலிருந்து வந்தது. பிரெஞ்சில் குட்டை, வடக்கேயிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்கள் கொடுத்தது. நார்வேக்காரர்களுக்குத் தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய். ஆங்கிலக் குதிரைக்கும் இத்தாலியக் கடலுக்கும் எந்த உறவும் இல்லை. இத்தனை இருந்தும் எங்கள் ஆட்களுக்குக் குதிரைதான் கிடைத்தது. பேய் என்று கூப்பிட்டிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பட்டியலைத் திருத்தித் தரும்படி கம்பெனித் துரை என்னிடம் கொடுத்தார். எந்த இரண்டு சொல்லும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேறுபட வேண்டும் என்பது நான் படித்த விதி. பட்டியலில் 'மேன்' என்றும் ஒரு சொல் இருந்தது: எம், ஏ, என், இ. அதற்குப் பொருள் 'சரக்கை ஏற்றுக்கொள்'. மோர்ஸில் ஆர் எழுத்தின் முதல் புள்ளி விழுந்துவிட்டால் அது என். ஒரு புள்ளி தவறினால் கழித்த மிளகு கிடங்குக்குள் வந்துவிடும். மேரை அடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பெரிய கிராணி என் மேசைக்கே வந்தார்.

"இந்த லிஸ்ட்டு நீ ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டதுலா. உனக்கு ரோஷம் வந்துட்டா, கம்பெனி சொல்லை அடிச்சிடணுமா?"

அதோடு விடவில்லை. சொந்தக் கோபத்தைக் கம்பெனிப் பட்டியலில் காட்டுகிற பெண்ணைத் தந்தி மேசையில் வைக்கக் கூடாது, ஃபைல்களை அடுக்கும் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று துரையிடம் சொல்லிவிட்டார்.

துரை இருவரையும் கூப்பிட்டார். அந்தச் சொல் எனக்கு அவமானமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெரிய கிராணியின் முகத்தில் வெற்றி தெரிந்தது. அவமானம் இல்லாவிட்டாலும் அடிக்கச் சொல்லியிருப்பேன் என்று சொல்லி, பென்சிலால் மேசையில் இரண்டு சொற்களையும் தட்டிக் காட்டினேன். துரை மறுபடி தட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் பெரிய கிராணி, அவசரப்பட்டு.

"அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றேன்.

துரை சிவப்பு மையால் மேரை அடித்தார். அதன் இடத்தில் எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒரு சொல்லைக் கோத்து வைத்தேன். மேசை என்னிடமே இருந்தது.

அதற்குப் பிறகு கனைப்பு நின்றது. கூடவே கூப்பிடுவதும் நின்றது. தங்கச்சி இல்லை, மிஸ் இல்லை, 'ஏம்மா' கூட இல்லை. தந்தி வந்தால் மேசையில் விட்டெறிந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நான் எடுத்து, பிரித்து, உரக்கப் படிப்பேன். வேண்டுமென்றே, முன்பைவிடக் கொஞ்சம் உரக்க.