கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம்

மகளுக்கு ஆறு வயதானபோது, பக்கத்து வீட்டு நோர்வேக்காரரிடம், "இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது?" என்று கேட்டேன். அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சந்திவரை என்னைக் கூட்டிப்போய், மரங்களுக்குப் பின்னால் தெரிந்த ஒரு கூரையைக் காட்டினார். நான் வழி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அது தெரியும், நல்லது எது?" என்று திரும்பவும் கேட்டேன். "டென் நேர்மெஸ்தெ" என்றார். கிட்ட இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று மனிதருக்கு விளங்கவில்லை. பேர்கன் நகரத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். டொக்டரின் பிள்ளையும் பஸ் ஓட்டுபவரின் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து, மாட்பக்கெ என்று கடதாசியில் சுற்றிக் கொண்டுபோகும் பாண் துண்டுகளைத்தான் மத்தியானம் சாப்பிடுகிறார்கள். நல்ல பள்ளிக்கூடத்தை எங்கோ ஒளித்து வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்று கனகாலம் சந்தேகப்பட்டேன். ஊர்ப் புத்தி லேசில் போகாது.

வன்னியில் இருக்கும் எங்கள் ஊருக்குப் புளியங்குளத்தில் இறங்கிக் காட்டுப் பாதையால் உள்ளே போக வேண்டும். நான் படித்த காலத்தில் அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கூரைகூட ஒழுங்காக இல்லை. ஆனால் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம், பிள்ளைகள் அவ்வளவு. நோர்வேயில் இருக்கும் பழைய மாணவர்கள் நாங்கள் சேர்ந்து அதற்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று கட்டிக் கொடுத்தோம். போன ஆடியில் திறப்பு விழாவுக்குச் சங்கத்தின் சார்பில் என்னை அனுப்பினார்கள். நானும் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு பெரிய மனுசியாகப் போய் இறங்கினேன்.

மாலை போட்டார்கள். திறந்து வைத்தவர் என்று என் பெயர் வெட்டியிருந்த வாசல் கல்லைத் திரை நீக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு பள்ளிக்கூடக் கீதம் தொடங்கியது. முன்னால் நின்ற பிள்ளைகளின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாட்டு கடைசி வரிசையிலிருந்து மட்டும், மெல்லிதாக, ஒரு சொல்லும் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் முன்வரிசையில் என் தம்பி ரஞ்சனின் மூத்த மகளைக் கண்டேன். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பவளே இல்லை. காலையில் வான் வண்டியில் ஏறி வவுனியாவில் ஒரு இன்டர்நெஷனல் ஸ்கூலுக்குப் போகிறவள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மற்றப் பிள்ளைகளின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

"குறை நினையாதேங்கோ அக்கா," என்றார் பள்ளிக்கூட அதிபர், விழா முடிந்ததும் என்னைத் தனியே கூட்டிப்போய். "வான் பிள்ளையளைக் கேட்டு எடுத்தனான். வெளிநாட்டில இருந்து வாற உங்களுக்கு வெறும் கதிரையளைக் காட்டுறதோ? தையில ஒண்டாம் வகுப்புக்கு ஆக்கள் வராட்டி கல்விக் கந்தோரால மூடச் சொல்லிப்போடுவினம். ரஞ்சனிட்டச் சொல்லுங்கோ. அவர் சின்னவனை இஞ்ச சேர்த்தால் மற்றவையும் பாத்துச் சேர்ப்பினம்."

"மூடினால் இந்தக் கட்டடம்?"

"வெறும் கட்டடம் எங்கட பக்கத்தில கனகாலம் வெறுமையாக் கிடக்காது அக்கா."

யார் வந்து இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் கண்ட இராணுவக் காவலரண் நினைவுக்கு வந்தது. அவரும் பேச்சை மாற்றித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

கடைசி வரிசையில் நின்று பாடியவர்கள்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் உண்மையான பிள்ளைகள். பெரும்பாலும், மலையகத்திலிருந்து வந்து எங்கள் வயல்களில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள். அதில் சுமதி என்று ஒருத்தி, நாலாம் வகுப்பு. நாளைக்கு மேல்மாடிக்கு ஏற விடுவார்களா என்று என்னிடம் கேட்டாள். ஏறலாம் என்றேன். அவளுடைய தாய் ரஞ்சனின் வயலில் களை பிடுங்குகிறவள். "மூடிட்டா இவள நிப்பாட்டிருவேங்க," என்றாள். "புளியங்குளம் சந்திப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காட்டு ரோட்டுல எப்பிடி அனுப்புறது? போன மாசங்கூட சைக்கிள்ல போன மனுசன யானை அடிச்சிருச்சி." அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே ரஞ்சனிடம் கேட்டேன். இன்டர்நெஷனல் என்றால் எந்த நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று முதலில் பகிடியாகத்தான் தொடங்கினேன். அவன் சிரிக்கவில்லை.

"ஊரைக் காப்பாத்த என்ர பிள்ளைதானோ கிடைச்சது? அங்க இங்கிலிசில படிக்கினம் அக்கா. நாளைக்கு நீங்கள் கூப்பிட்டால் உதவுமெல்லோ."

நோர்வேயில் நான் இங்கிலிசில் வாழவில்லை. கூப்பிடும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டு வருகின்றன. இரண்டையும் சொன்னேன். அங்கே படிப்பவர்கள் எழுதும் லண்டன் சோதனையோடு இங்கத்தைப் பல்கலைக்கழகத்துக்குப் போவதும் லேசில்லையே என்றேன்.

"இஞ்ச ஆர் நிக்கப்போகினம்?" என்றான். "உங்கட மகளை எங்க விட்டனீங்கள்?"

"கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்தில."

"அங்க விடலாம். அது அங்க இருக்கப்போற பிள்ளை. இதுகள் போகப்போற பிள்ளையளெல்லோ." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "நீங்கள் மகளோட வந்து இஞ்ச இருக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நாளைக்கே நான் ரெண்டு பேரையும் சேர்க்கிறன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. சின்னவன் என் மடியில் ஏறி இருந்துகொண்டு, ஒன்றும் விளங்காமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

தையில், சின்னவன் கழுத்தில் டை கட்டி வானுக்கு முன்னால் நிற்கும் படம் எனக்கு வந்தது. மாசியில் அதிபரின் அழைப்பு வந்தது.

"மூடியாச்சு அக்கா."

"சுமதி?"

"தாயோட வயலுக்குப் போறாள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேற்றுக் கொஞ்சப் பேர் வந்து கட்டடத்தை அளந்துகொண்டு போனவை. ஆர் எண்டு நான் கேக்கேல்ல. வாசல் கல்லில உங்கட பேர் கிடக்கெல்லோ, அதை விடுறதோ கழட்டுறதோ எண்டு கேட்டவை. உங்களிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

குசினியில் இருந்த மகள், யார் என்று நோர்வே மொழியில் கேட்டாள். ஊரிலிருந்து என்றேன். விடச் சொன்னால், இனி அங்கே வந்து இருக்கப்போகிறவர்களின் வாசலில் என் பெயர் நிற்கும். கழற்றச் சொன்னால், அந்த மண்ணில் என் பெயர் எழுதியிருக்கும் கடைசி இடமும் போய்விடும்.

"அக்கா, லைனில நிக்கிறியளோ?"

"ஓம், நிக்கிறன்," என்றேன்.