அக்காவுக்குத் தெரிந்த தீபம்

தீபத்தன்று சாயங்காலம் அக்கா என் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். சில்லென்று இறங்கியதும் பழைய பொறாமை எரிந்தது. அப்பா அவளுக்கு இப்படித்தான் விடுவார்.

அக்காவுக்குப் பிறவியிலேயே கண்புரை. ஆபரேஷன் முடிந்து சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்த வருஷம், மொட்டை மாடியில் அப்பா அவளை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டார். "மலை மேல தீபம் தெரியுதாம்மா?" என்று விடாமல் கேட்டார். ஆத்திரத்தில், "எனக்கும் தெரியலப்பா" என்று பொய் சொன்னேன்.

"உனக்கென்னடி, நல்ல கண்ணு" என்றார்.

இப்போது எனக்குக் கண் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாதாம். அதே மாடியில் அக்கா என் முகத்தை மலைப் பக்கம் திருப்பினாள்.

"தெரியுதாடி?"

நேரெதிரே, நன்றாகவே தெரிந்தது.

"தெரியலக்கா" என்றேன். இன்னொரு முறை கேட்கட்டும்.