முப்பத்தோராம் நாளில் வைத்த பெயர்

என் மகளின் பெயர் ஞாழல். இந்தப் பெயருள்ள இன்னொரு பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை. நியூசிலாந்தில் முந்தின ஆண்டு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஜனவரி வாக்கில் பத்திரிகையில் வரும். அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு அன்றைய நாட்குறிப்பில் 'இல்லை' என்று எழுதுவேன். ஏறக்குறைய முப்பது 'இல்லை' என்னிடம் சேர்ந்திருக்கின்றன. தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழாக்களில் பெயர்கள் வாசிக்கப்படும்போது காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். விசாரித்தால் அது வேறு பெயர். அரிதான பெயர் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் பெயரைச் சுமந்து திரிந்தது நான் இல்லை, அவள்.

ஞாழல் என்பது கடற்கரையில் நிற்கும் ஒரு மரம். கொன்றையின் இனம் என்கிறார்கள். கடுகளவு மொட்டு, மஞ்சள் பூ. பழைய பாட்டுகளில் சிறுமிகள் அதன் நிழலில் மணல் வீடு கட்டுவார்கள். இதெல்லாம் என் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டது. அவள் உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவள். அந்த மரத்தை அவளும் பார்த்ததில்லை.

பெயர் வந்த வழி இது. முப்பது வருடங்களுக்கு முன், ஒரு குளிர்கால வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து பத்துக்கு ஓக்லாந்தில் மகள் பிறந்தாள். சாதகக் குறிப்பு எழுதுவதற்காகக் கொழும்பில் இருந்த சாத்திரியாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கணித்து, உத்திரட்டாதி நான்காம் பாதம், முதலெழுத்து 'ஞா' என்றார். லண்டனில் இருக்கும் என் அக்கா, ஞானத்தில் தொடங்கும் ஏழு பெயர்களைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். முப்பத்தோராம் நாள் பிரசவத் தீட்டான துடக்கைக் கழித்துப் பெயர் வைக்கும்போது, பிள்ளையின் காதில் மனைவி சொன்ன பெயர் அந்த ஏழில் இல்லை.

"என்ன பிள்ளை, மருந்துக் குளிசையின்ர பேர் மாதிரிக் கிடக்கு," என்றார் வந்திருந்த ஓர் அம்மா. மகள் பிற்காலத்தில் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, மனைவி அதை நினைவுபடுத்திச் சிரித்தாள்.

இந்த ஆண்டு மார்ச் மாதத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக, வெஸ்ட்கேட்டில் உள்ள தன் வீட்டிலிருந்து வந்த மகள், பெயரை மாற்றப் போவதாகச் சொன்னாள். வேலையிடத்தில் எல்லாரும் அழைக்கும் சின்னப் பெயரையே சட்டப்படி வைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

"அப்பா, மோட்கேஜ் பேப்பரில ஒரு பேர், வேலை பாட்ஜில ஒரு பேர். ரெண்டு பேரோட இருந்து களைச்சுப் போனன். பேபியின்ர சேர்ட்டிபிகேட்டில அம்மாவின்ர பேர் எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதில என்னை எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சியோ?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமா யோசிக்கிறன்."

மனைவி அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள்.

பெயர் மாற்றப் படிவத்தோடு சேர்க்கும் உறுதிமொழியைச் சமாதான நீதவான் ஒருவர் முன் ஒப்பமிட வேண்டும். அப்படி ஒருவர் சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் வந்து உட்கார்வார். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னதாக, மகளின் பிறப்புப் பத்திரத்தை எடுப்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். சாதகக் குறிப்பும் அதற்குள்தான் இருந்தது. பிறந்த நேரம் ஐம்பத்தைந்து நாழிகை என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேனே தவிர, நாழிகையை மணியாக மாற்றிப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் அது விடியற்காலை நாலு மணியளவில் வந்தது. பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில்தான் தொடங்கும் என்பதால், கிழமையும் புதன் என்றிருந்தது.

பழைய நாட்குறிப்பை எடுத்தேன். 'இலங்கை நேரத்துக்கு மாற்றி, காலை 10.40 என்று சாத்திரியாரிடம் சொன்னேன்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையிலான ஆறரை மணித்தியால வித்தியாசத்தை நான் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது நியூசிலாந்து நேரம் என்று எண்ணி, அவரும் ஒரு முறை கழித்திருக்கிறார். இரண்டு கவனமான மனிதர்கள் சேர்ந்து செய்த பிழை. இராசி மாறவில்லை. மகள் பொருத்தம் பார்க்காமல் விரும்பியவனைக் கட்டியதால், பிறகு யாரும் அந்தக் குறிப்பைத் திறக்கவும் இல்லை. சரியான நேரத்துக்கு அவள் ரேவதி முதற் பாதம். எழுத்து 'தே'.

சமையலறைக்குப் போனேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையின்ர குறிப்பு பிழை," என்றேன்.

"ஓம்."

"என்ன ஓம்? நான் சொன்னது விளங்கினதோ உமக்கு?"

"விளங்கினது. விடியப்புறம் பிறந்ததெண்டு எழுதிக் கிடக்கு. பின்னேரம் அஞ்சு பத்துக்குப் பெத்தவள் நான். எனக்குத் தெரியாதோ?"

அவளுடைய தகப்பனார் பஞ்சாங்கம் பார்ப்பவர். நாழிகைக் கணக்கு அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி.

"அப்பவே தெரியுமோ?"

"குறிப்பு வந்த அண்டைக்கே."

"பிறகேன் சொல்லேல்லை?"

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்தும் துணியை விடவில்லை.

"மூத்ததுக்கு அந்தப் பேரைத்தான் நினைச்சு வச்சிருந்தனான்," என்றாள்.

இந்த மகளுக்கு மூன்று வருடம் முன்பு, கொழும்பில் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு முன் பெயர் வைப்பதில்லை என்பதால், அது பெயரில்லாமலே போயிற்று. மகளுக்கு இது ஒரு வரியாகத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

"நாளுக்கு முன்னம் பேரை வாயால சொல்லப்படாதெண்டு உங்கட அக்கா சொன்னவ. அதால உங்களுக்கும் சொல்லேல்லை. பிறகு இவள் பிறந்து, குறிப்பில 'ஞா' எண்டு வந்தது. தானா வந்தது. நான் அதைப் பிழையெண்டு சொல்லித் திருப்பி அனுப்புவனோ? 'தே' எண்டிருந்தா லண்டன் மச்சாளின்ர லிஸ்ட் இன்னும் நீளமா வந்திருக்கும்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பிள்ளைக்குச் சொல்ல வேணும்," என்றேன்.

"சொன்னா, பேரை விடுறதுக்கு இன்னுமொரு காரணம் கிடைச்சிடும் அவளுக்கு."

"சொல்லாமல் விட்டால் அவள் எதை விடுறாள் எண்டு தெரியாமல் விடுவாள்."

மூன்று நாள் இதையே திரும்பத் திரும்பக் கதைத்தோம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மாங்காய்ச் சம்பல் இருக்கிறதா என்று பார்த்தாள். நான் நேரக் கணக்கைச் சொன்னேன். மிச்சத்தை மனைவி சொன்னாள். அவள் என்னைவிடக் குறைந்த சொற்களில் சொன்னாள்.

மகள் வயிற்றின் மேல் கை வைத்தபடி இருந்தாள். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாள். தாயின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

"அப்ப இது என்ர பேரில்லை."

"உன்ர பேர்தான்," என்றாள் மனைவி. "முப்பது வருஷமா உன்னைத்தானே கூப்பிட்டனான்."

"கோவத்தில சொல்லேல்லை, அம்மா. அக்காவுக்கு ஒரு பேரும் இல்லை. எனக்கு ரெண்டு இருக்கு."

மனைவி அப்போதுதான் அழுதாள். மகள் எழுந்து போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் மணியைப் பார்த்தேன். அது என் பழக்கம். பத்துக்கு இருபது நிமிடம் இருந்தது.

நூலகத்தில் எங்களுக்கு முன் இரண்டு பேர் இருந்தார்கள். நீதவான் அம்மையார் நரைமுடியும் கம்பளிச் சட்டையுமாக இருந்தார். படிவத்தைப் படித்து, பழைய பெயரின் பொருளைக் கேட்டார். மகள் சின்ன வயதில் இந்தக் கேள்விக்குத் தோளை மட்டும் குலுக்குவாள். அன்று, கடற்கரையில் நிற்கும் ஒரு மரம், மஞ்சள் பூ, சிறு பிள்ளைகள் அதன் கீழ் விளையாடுவார்கள் என்று முழுவதையும் சொன்னாள். அவர் தலையசைத்து, ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினார். மகள் ஒப்பமிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் மகள், "அக்காவைப் பற்றி டயறியில என்ன எழுதினீங்கள்?" என்று கேட்டாள்.

கொழும்பிலிருந்து கொண்டு வந்த அந்த ஆண்டின் புத்தகத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். 'பெண் பிள்ளை பிறந்தது, காலை 6.25.' 'பிள்ளை பால் குடித்தது.' 'பிள்ளைக்கு மஞ்சள் கண், டாக்டர் வந்தார்.' 'பிள்ளை நன்றாகத் தூங்கியது.' 'பிள்ளைக்குச் சுரம்.' எல்லா இடத்திலும் பிள்ளை, பிள்ளை என்றே இருந்தது.

"இதில பேரைப் போடுங்கோ, அப்பா."

எழுதி முடித்த பக்கத்தில் நான் கை வைப்பதில்லை. பிழை தெரிந்தால், தெரிந்த நாளின் பக்கத்தில்தான் எழுதுவேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான். அதை அவர்களுக்குச் சொல்லவும் வாயெடுத்தேன். பிறகு பேனாவை மனைவியிடம் கொடுத்தேன். என் நாட்குறிப்பில் வேறொருவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

அவள் முதல் நாளிலிருந்து தொடங்கினாள். என் எழுத்துகளில் எதையும் வெட்டவில்லை. ஒவ்வொரு 'பிள்ளை'க்கும் மேலே சிறிதாகப் பெயரை எழுதிக்கொண்டு போனாள். மகள் பக்கத்தில் நின்று தாள் புரட்டிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாளின் பக்கம் வந்தது. அன்று நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திகதி மட்டும் அச்சாகியிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். "நீர் எழுதும்," என்றேன். அந்தப் பக்கத்தில் இப்போது ஞாழல் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.