கேள்வி வந்தது, உறுப்பினர் இல்லை

1. கடைசி வரிசை

சிதம்பரம் எம்எல்ஏ அலுவலகத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே கட்சியின் மாவட்டச் செயலாளர் கடலூரிலிருந்து போன் செய்தார்.

"உங்க ஆளக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்க தோழர். நாம ஆளுங்கட்சிக் கூட்டணியில இருக்கோங்கிறதே அவருக்கு மறந்துபோவுது."

எம்எல்ஏவிடம் சொன்னேன். "கூட்டணி கட்சிக்குத்தான், என் வாய்க்கு இல்ல" என்றார். அதன்பிறகு ஐந்து வருஷமும் தலையில் அடித்துக்கொள்வதுதான் என் வேலை.

சின்ன இடதுசாரிக் கட்சி, கடைசி வரிசை இருக்கை, பேச மூன்று நிமிஷம். அதில் இரண்டரை நிமிஷம் கூட்டணி அரசைத்தான் திட்டுவார். நேர்மையான மனுஷன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவரிடம் வேலை பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

2. வாய்க்கால் கரை

கீரப்பாளையம் பக்கம் வாய்க்கால் கரையில் நாற்பது வீடுகள். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நடவு வேலைக்குப் போகும் செல்வி தினமும் அலுவலகத்தில் வந்து நிற்பார். "மாத்து எடம் குடுக்காம இடிச்சா புள்ளைங்கள எங்கண்ணே வெப்பேன்?"

சட்டசபைக்குக் கேள்வி எழுதி எம்எல்ஏவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பல மாதம் கழித்துச் சபையின் கேள்விப் பட்டியலில் அது வந்தது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அச்சடித்த பதிலில் 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்டு, அமைச்சர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். சபையில் சொன்னால் அது உறுதிமொழி. மீற அதிகாரிகள் பயப்படுவார்கள்.

அமைச்சரின் உதவியாளரை நச்சரித்தேன். "உங்காளு கேக்கட்டும். மாத்து எடம் குடுக்காம இடிக்க மாட்டோம்னு சொல்லிடுவாரு" என்றார்.

3. வெளிநடப்பு

அலுவலக டிவி முன்னால் செல்வியும் இன்னும் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி நேரம் தொடங்கியதுமே எம்எல்ஏ எழுந்தார். பண்ருட்டியில் மறியல் செய்த தூய்மைப் பணியாளர்களை முந்தின நாள் கைது செய்திருந்தார்கள். அதைப் பேச வேண்டும் என்றார். கேள்வி நேரம் முடியட்டும் என்றார் சபாநாயகர். "முடியாது!" என்று கத்திவிட்டுத் தனி ஆளாக வெளியே போனார். சொந்தக் கட்சிக்காரர்கள்கூட எழவில்லை.

மூன்றாவது கேள்வி எங்களுடையது. சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டார், ஆளைக் காணோம், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இனி எங்களுக்கு அந்த அச்சடித்த பதில் மட்டும்தான்.

"நம்ம கேள்வி எப்பண்ணே வரும்?" என்று செல்வி கேட்டார். நான் டிவியை அணைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எம்எல்ஏ போன். "பாத்தீங்களா தோழர்? சபையே ஆடிப்போச்சு!"

"நம்ம கேள்வி வந்துச்சு தோழர். நீங்க இல்ல."

மெதுவாக, "அது இன்னிக்கா?" என்றார். அவர் சென்னைக்கு ரயிலேறும்போது பட்டியலைப் பையில் வைத்து அனுப்பியவன் நான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

4. பொக்லைன்

பத்தே நாளில் பொக்லைன் வந்தது. எம்எல்ஏ அதன் முன்னால் படுத்துவிட்டார். நடிப்பில்லை, முழங்கையில் ரத்தம். தூக்கி வேனில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது வீடும் தரைமட்டம்.

சாயந்திரம் விடுதலையானதும் நேரே அங்கேதான் வந்தார். பாத்திரம் பண்டத்தோடு செல்வி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்.

"என் தப்புதாம்மா. நல்லாத் திட்டு" என்றார் எம்எல்ஏ.

செல்வி திட்டவில்லை. "எங்களுக்காக அடிபட்டீங்க, இல்லேங்கல. அன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் கோவத்த அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதா தோழர்?"

எம்எல்ஏ தலையைக் குனிந்துகொண்டு, ரோட்டோரம் கிடந்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட் தரவில்லை. இப்போதும் மேடையில் அவரை வீரர் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவன் நான். அவருக்குக் கேள்வி எண் ஞாபகம் இருக்காது, ஆள் ஞாபகம் இருக்கும். அன்று காலை போன் போட்டு, 'செல்வி டிவி முன்னாடி உக்காந்திருக்கு தோழர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வெளியே போயிருக்கவே மாட்டார்.