கல்லறையிலிருந்து நான் தட்டிவிட்ட கற்கள்

மகள் காசில் ஐரோப்பா சுற்றுலா. பிராக் நகரத்தில், முன்பு யூதர்கள் வாழ்ந்த பகுதிக்குக் கூட்டிப் போனார்கள். எனக்குக் கம்பத்தில் சிமெண்டுக் கடை. ஊர் சுற்ற வந்த இடத்தில் சுடுகாடு எதற்கு என்று முரண்டு பிடித்தேன். மனைவிதான் இழுத்துப் போனாள்.

முதலில் ஒரு ஜெபக்கூடம். சுவர் முழுக்கப் பொடி எழுத்தில் பெயர்கள். நாஜிகள் கொன்றவர்களாம். "அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே கும்பல் புகுந்து வெட்டி, எரிச்சிருக்காங்க சார். பக்கத்துத் தெருக்காரங்கதான்" என்றார் எங்கள் சென்னைக்கார கைடு.

பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். நெருக்கியடித்துச் சாய்ந்து நின்றன கல்லறைகள். அவற்றின் தலையில் சின்னச் சின்னக் கற்கள். எங்கள் பக்கம் கலவரம் முடிந்த மறுநாள் காலனி ஓடுகளின் மேல் இப்படித்தான் கல் கிடக்கும். செத்த பிறகும் விடமாட்டீர்களாடா என்று ரத்தம் கொதித்தது. கயிற்றைத் தாண்டிக் கைநீட்டி, இரண்டு கல்லறைகளின் மேலிருந்த கற்களைத் தட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி கத்திக்கொண்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கைடு ஓடி வந்தார். "சார், அது மரியாதை சார்! நாம பூ வைக்கிற மாதிரி அவங்க கல் வைப்பாங்க."

குனிந்து பொறுக்கினேன். எந்தக் கல் யாருடையது என்று தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் மனைவி கேட்டாள். "என்னங்க வந்துச்சு உங்களுக்கு? எல்லாரும் நம்மளையே பாக்குறாக."

பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா என் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கலவரக் கேஸ்ல மாப்பிள்ளை பேரு இருக்கா?" அப்படி ஒருவனுக்குப் பெண் தரமாட்டேன் என்றும் சொன்னார். கலவரத்தன்று பையன் மதுரையில் இருந்தான் என்று அப்பா சத்தியம் செய்தார். நான் தலையாட்டினேன். இருபத்தேழு வருஷமாக அவள் அதை நம்பியிருந்தாள்.

சொல்லிவிட்டேன். காலனிப் பெண்கள் எங்கள் தெரு வழியாக முளைப்பாரி எடுத்து வரக் கூடாது என்று தகராறு. மீறி வந்தார்கள். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியை மொட்டை மாடிகளில் ஏற்றி வைத்திருந்தோம். முதல் கல்லை எறிந்தது நான். முன்னால் வந்தவளின் இரண்டு கையும் தலையிலிருந்த முளைப்பாரியைப் பிடித்திருந்தன. முகத்தை மறைக்க முடியவில்லை. கண்ணோரம் பிளந்து ரத்தம் மார்பு வரை வழிந்தது. அப்போதும் சட்டியை அவள் விடவில்லை. எங்கள் மாடியில் விசிலடித்தார்கள். நான் அடுத்த கல்லை எடுத்தேன். அது தாடையில் பட்டது. சட்டியோடு விழுந்தாள். அவள்மேல் மிதித்துக்கொண்டு கூட்டம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அரிவாளோடு எங்கள் ஆட்கள் இறங்கினார்கள், காலனி எரிந்தது. மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மனைவி என் முகத்தையே பார்த்தாள். அப்பாவின் பொய்யைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அவுக பொழச்சாகளா?"

கல்யாணமாகிக் கம்பத்துக்கு வரும்வரை ஒரு வருஷம் அதே ஊரில்தான் இருந்தேன். காலனி கூப்பிடு தூரம்.

"தெரியாது. கேக்கலை."

அவள் எழுந்துகொண்டாள்.

"ஊருக்குப் போனதும் மொதல்ல அங்கன போய்க் கேளுங்க. கேட்டுட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்தாப் போதும்."